இரட்டை மணிக் கத்தி பற்றிக் கேட்ட மகனுக்கு

மகனே,

போன வெள்ளிக்கிழமை நீ தோஹாவிலிருந்து அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக மடக்குக் கத்திகள். கூடவே உன் குரலையும் பதிந்து அனுப்பியிருந்தாய். "அப்பா, இது ஒறிஜினல் இரட்டை மணியா, டுப்ளிகேட்டா எண்டு பாத்துச் சொல்லுங்க. வரக்குள்ள நம்மட கடைக்கு ரெண்டு டசின் கொண்டு வாறன். டுப்ளிகேட் எண்டாலும் பறவாயில்ல. ஆக்களுக்கு விளங்கவா போகுது?" கடைசியில் சிரித்தாய். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கடையில் வளர்ந்த பிள்ளை, கடைக்காரர் எல்லாரும் கதைக்கிற மாதிரிக் கதைத்தாய்.

அந்தக் கடைசி வசனத்தை எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று தெரியாது. "புள்ளைட குரலக் கேக்க அவ்வளவு ஆசையா?" என்று அம்மா கேட்டா. ஓம் என்று தலையாட்டினேன். இன்றைக்கு ஐந்தாவது நாள். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கடையில் தூண்டில் கேட்டவருக்குப் பூட்டை எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், கோட்டைப் பக்கம் வாவிக்கரையோரமாக நடந்துவிட்டு வந்தேன். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன். "சொல்லுங்கப்பா" என்று நீ சொன்னதும் கல்யாண மண்டபத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு மாதத்தில் நீ வந்துவிடுவாய். கல்யாணம் முடிந்ததும் கடையை நீ பொறுப்பெடுப்பதாகப் பேச்சு. அதற்கு முதல் இதை நீ அறிய வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். இடையிடையே எழுந்து போய்விட்டு வந்து எழுதுகிறேன். வசனம் அங்கங்கே அறுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். படத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். அலகின் அடியில், பிடிக்குள் மடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு மணிகள் பொறித்திருக்கும். ஒறிஜினலில் அது ஆழமாக அடித்த முத்திரை. நகத்தால் தடவினால் பள்ளம் தட்டும். டுப்ளிகேட்டில் மேலாகக் கீறிவிட்ட மாதிரி இருக்கும். மணிகளின் நாக்கைப் பார். ஒறிஜினலில் இரண்டு நாக்கும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கும். டுப்ளிகேட் செய்கிறவன் ஒரே மணியை இரண்டு தரம் போட்டுவிடுவான், இரண்டு நாக்கும் ஒரே பக்கம் சாயும். பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். முதுகில் அலகை இழுத்துப் பிடிக்கிற வில்லுக்கும் பிடித் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் கீழே வைத்துவிடு. மடக்கும்போது காது கொடுத்துக் கேள். நல்ல கத்தி கதவுக் கொண்டி விழுவதுபோல ஒரே சத்தத்தில் மடங்கும். மற்றது கிறீச்சிட்டு, பாதியில் தளர்ந்து, பிறகுதான் விழும். உள்தகடு பித்தளையாக இருக்க வேண்டும். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பு. அந்தக் கத்திக்கு நம்முடைய உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் ஆணித்தலை துருப்பிடிக்கும். இவ்வளவையும் நீ பார்த்தாலும், விற்கிறவன் ஒன்றைக் காட்டிவிட்டு இன்னொன்றைப் பொதி செய்து தந்தால் உன்னால் ஒன்றும் செய்ய ஏலாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் அதைச் செய்திருக்கிறேன்.

உனக்குப் பத்து வயது. சமாதான காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வெடிச் சத்தம் நின்றிருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து சனம் துறை கடந்து புளியந்தீவில் நம்முடைய கடைக்கு வந்து பயமில்லாமல் சாமான் வாங்கியது. திருகோணமலையில் கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் நான் ஒரு இரட்டை மணிக் கத்தி வாங்கி வைத்திருந்தேன். அது அசல். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு எல்லாரும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒன்றுதான். அப்போது கொழும்பில் மொத்த வியாபாரி ஒருவன் பத்துக் கத்தி போட்ட பெட்டியொன்றைக் காட்டினான். தொட்டதுமே டுப்ளிகேட் என்று கண்டுகொண்டேன். அவனும் மறைக்கவில்லை. "உங்கட ஊர்ல ஆருக்கு விளங்கும்?" என்றான். வாங்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடிப் பெட்டியில் அசல் இருந்தது, கீழே மேசை லாச்சிக்குள் அந்தப் பத்தும் இருந்தன. கேட்டவருக்கு அசலை எடுத்து விரித்துக் காட்டினேன். பொதி செய்யக் குனியும்போது கை லாச்சிக்குள் போனது.

பரிமளம் மாமியை உனக்கு ஞாபகம் இருக்கும். குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவாள். அப்போது முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. பன்பாய் இழைத்து விற்பாள். அவளுடைய புருசன் சாமித்தம்பி வாவியில் தோணி வைத்திருந்தவர். சுனாமிக்குச் சில கிழமைகளுக்கு முதல் அவள் தனியாக வந்தாள். புருசனுக்குத் தெரியாமல் ஒரு நல்ல கத்தி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றாள். வலையில் சிக்கிய நண்டை எடுக்கிறபோது பழைய கத்தி வழுக்கி அவர் கையை வெட்டியிருந்தது.

"ஏமாத்திப்போடுவாங்க எண்டு பயமாக் கிடக்கு அண்ணன். நல்லது எது எண்டு எனக்கும் காட்டித் தாங்க" என்றாள்.

காட்டினேன். உனக்கு மேலே எழுதியதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டாள். மணி நாக்கை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டும் முகம் பாத்துக் கதைக்கிற மாதிரி இரிக்கு" என்று சிரித்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்தாள். திரும்பத் திரும்ப மடக்கிச் சத்தம் கேட்டாள். பிறகு என் கையில் தந்தாள். நான் குனிந்து டுப்ளிகேட்டை எடுத்து, பெட்டியில் வைத்து, தாளால் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தேன். அவள் படித்த பாடம் ஒன்றில், கொண்டுபோனது இன்னொன்று. வீட்டில் பிரித்துப் பார்த்தால் கண்டுபிடிப்பாளே என்று நான் பயப்படவில்லை. கடையில் பார்த்து வாங்கியவர்கள் வீட்டில் திரும்பப் பார்ப்பதில்லை.

மார்கழியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லத் தேவையில்லை. கல்லடிப் பாலத்துக்கு அங்கால கடல் வந்து சனத்தை அள்ளிக்கொண்டு போனது. நமக்கு வளவு வரைக்கும் தண்ணீர் வந்து திரும்பியது. நீ பாலத்தடிக்குப் போகிறேன் என்று அழுததும், அம்மா உன்னை அறைக்குள் போட்டுப் பூட்டியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். சாமித்தம்பி அன்றைக்கு விடிய நாவலடிக்குப் போயிருந்தார். அங்கே சொந்தக்காரர் ஒருவரின் கரைவலைக்கு ஆள் போதாது என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கரையில் நின்றவர்களில் மிகச் சிலர்தான் மிஞ்சினார்கள். சாமித்தம்பி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் அங்கே அடையாளம் தெரியாத உடல்களை அவசரம் அவசரமாக மணலில் புதைத்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தானாக முன்வந்து ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு உடலிலும் இருந்த மோதிரம், பூட்டுத் திறப்பு, தாயத்து என்று எதுவானாலும் எடுத்துப் பொலித்தீன் பையில் போட்டு நம்பர் எழுதினார். எந்த நம்பர் எங்கே கிடக்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்தார். இரண்டு மாதம் கழித்து, தேடுகிறவர்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். பரிமளமும் போனாள். ஒரு பைக்குள் இரட்டை மணிக் கத்தி இருந்தது. முகம் பார்க்கக்கூடிய நிலையில் இல்லாத ஒரு ஆணின் இடுப்பில் எடுத்தது.

அவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். கடையில் அந்த நேரம் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவள் பையை மேசையில் வைத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"அண்ணன், இதப் பாருங்க. நாக்கு ரெண்டும் ஒரே பக்கம் சாயுது. ஆணி துருப்பிடிச்சிட்டு. நீங்க சொல்லித் தந்தமாதிரியே பாத்தன். இது டுப்ளிகேட்தானே?"

"ஓம், டுப்ளிகேட்" என்றேன். அது உண்மை.

"நீங்க எனக்குத் தந்தது ஒறிஜினல். அப்ப இது அவர்ட இல்ல. அது ஆரோ வேற ஆள். அப்பிடித்தானே?"

மகனே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். இல்லை என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் எனக்கு இருபது வருச வாடிக்கை. நான் வாயைத் திறந்தேன்.

"ஓம்" என்றேன்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில் அழுதாள். நிற்காமல் கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ஏன் என்று கேட்டேன். "இதத் தேடி வேற ஒருத்தி வருவா. அவளுக்குக் கிடைக்கோணுமே" என்றாள். அந்த வெயிலில் நடந்துபோய்த் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் எடுத்தாள்.

ஒரு மனுசியின் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு என்னை நானே ஆறுதல்படுத்திக்கொண்டேன். அது பொய். நான் பயந்தேன். அவ்வளவுதான். இரக்கம் என்ற சொல்லை நான் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தது.

அதற்குப் பிறகு அவள் தேடத் தொடங்கினாள். தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோன ஒருவர் பொலன்னறுவை ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அங்கே போனாள். அம்பாறைக்குப் போனாள். திரும்ப யுத்தம் தொடங்கி வாகரைச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது, கூடாரம் கூடாரமாகப் படத்தைக் காட்டித் திரிந்தாள். மரணச் சான்றிதழ் எடுத்தால் வீடு தருவார்கள் என்றார்கள், அவள் எடுக்கவில்லை. அக்காவின் வளவில் பின்பக்கம் ஒரு கிடுகுக் குடிசையில் இருந்தாள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கடைக்கு வந்து எனக்குச் சொல்லிவிட்டுப் போவாள். ஏனென்றால் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சாட்சி நான். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பா. ஒரு நாள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவ தேத்தண்ணீர்க் கிளாசுகளைக் கழுவி வைத்தா. பிறகு, "போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. இல்லாட்டி அவ வரக்குள்ள என்னக் கூப்பிடாதீங்க. எனக்கு அவட முகத்தப் பாக்க ஏலா" என்றா. நான் போகவில்லை. அம்மா அதற்குப் பிறகு தேத்தண்ணீர் கொண்டு வரவுமில்லை. உங்களிரண்டு பேருக்கும் என்ன கோபம் என்று நீ கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

யுத்தம் முடிந்தது. வன்னியிலிருந்து வந்த சனமெல்லாம் வவுனியா முகாம்களில் இருக்கிறது, காணாமல்போன எத்தனையோ பேர் அங்கே கிடைக்கிறார்கள் என்று கதை வந்தது. பரிமளம் அவர் உடுக்கப் புதுச் சாரமும், பனங்கட்டியும், அவித்த முட்டையும் கட்டிய பையோடு கடை வாசலில் வந்து நின்றாள். "அண்ணன், எனக்கு அந்தப் பக்கம் தெரியா. நீங்களும் வருவீங்களா?" என்றாள். மறுக்க முடியவில்லை. போனேன்.

முள்வேலிக்கு இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான பேர், அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான பேர். எல்லாரும் யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளும் கத்தினாள். "சாமித்தம்பி! குருக்கள்மடம் சாமித்தம்பி!" வெயில் ஏறியது. குரல் கட்டியது. உள்ளே இருந்தவர்கள் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு மனிதரைத் தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவரும் சாமித்தம்பிதான். எழுபது வயதிருக்கும், மன்னார்ப் பக்கம். தன்னைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்று சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். வேலிக்கு அங்கால நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் ஆர் பிள்ளை?" என்று கேட்டார். பரிமளம் சாரத்தையும் பனங்கட்டியையும் முட்டையையும் ஒவ்வொன்றாக வேலிக்கு மேலால் அவர் கையில் கொடுத்தாள். "அடுத்த கிழமையும் வந்து பாக்கோணும் அண்ணன்" என்று என்னிடம் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் மன்னம்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தேத்தண்ணீர்க் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பஸ் புறப்படப் பத்து நிமிசம் இருந்தது. இனி ஒரு தரம் அவளை அந்த வேலியில் நின்று கத்தவைக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

"தங்கச்சி, நீங்க எனக்கிட்ட வாங்கின கத்தி ஒறிஜினல் இல்ல."

அவள் விளங்காமல் பார்த்தாள். "நான் பாத்துத்தானே வாங்கினன்?"

"பாத்தது ஒறிஜினல். பொதி செஞ்சு தந்தது டுப்ளிகேட். குனிஞ்சு மாத்திப்போட்டன்."

கிளாசை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே இருந்தாள். ஏசுவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். அவளுடைய கண் என் முகத்தில் இருந்தாலும் மனம் வேறெங்கோ போய் வந்தது.

"அப்ப அண்டைக்கு நான் கொண்டுவந்து காட்டினது?"

"நான் தந்ததா இரிக்கலாம்."

"இரிக்கலாமா? அதுதானா?"

உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அசல் கத்தி என்றால் ஊரில் ஒன்றுதான். டுப்ளிகேட் அப்படியில்லை, அது வாங்கிய யாருடையதாகவும் இருக்கலாம்.

"அந்த மாதிரி எத்தின பேருக்கு வித்தீங்க?"

"பத்து. உங்களோட பத்துப் பேர்."

அவள் எழுந்தாள். "அப்ப மத்த ஒம்பது பேரையும் தேடுங்க. ஆர்ட கையில கத்தி இரிக்கு, ஆர்ட கையில இல்ல எண்டு எனக்குத் தெரியோணும். நாலரை வருசம் நான் தேடினன். இனி நீங்க தேடுங்க" என்றாள். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் இருந்தாள். அன்றைக்குப் பிறகு என்னை அண்ணன் என்று கூப்பிடவில்லை.

நீ ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருசம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் இதுதான். கடைக்குச் சாமான் பார்க்கப் போகிறேன் என்று உனக்குச் சொன்னதும் பொய்தான். நேர்மையாக யாருக்கு விற்றோம் என்பது மறந்துபோகும், யாரை ஏமாற்றி விற்றோம் என்பது மறக்காது. ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருந்தது. டவுனில் ஒரு வாத்தியார். கதவைத் தட்டி, உங்களுக்கு நான் டுப்ளிகேட் கத்தி விற்றேன், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும். சின்ன விசயம்தானே எண்டு விட்டுட்டன்" என்று மேசை லாச்சியைத் திறந்து கத்தியைக் காட்டினார். தையல்காரர் சிரிக்கவில்லை. தெருவில் நின்று எல்லாரும் கேட்க ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றேன். ஆரையம்பதியில் ஒருவர் வெளிநாடு போயிருந்தார், அவருடைய மனுசி குசினியிலிருந்து கத்தியை எடுத்துவந்து காட்டினா. வாகரையில் ஒரு மீன்பிடிகாரர் உயிரோடிருந்தார், கத்தி இல்லை. ஷெல் அடித்து ஊரை விட்டு ஓடும்போது மகளுக்குக் காலில் காயம். சீலையை வெட்டிக் கட்டலாம் என்று கத்தியை விரித்து இழுத்திருக்கிறார், அலகு அடியோடு கழன்று விழுந்துவிட்டது. "பல்லால கிழிச்சன் முதலாளி" என்றார். அந்தப் பிள்ளை பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாக இருந்தது. அதற்கும் கத்திக்கும் தொடர்பு இல்லை என்று அவர் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

ஒவ்வொரு கத்தி கிடைத்ததும் குருக்கள்மடத்துக்குப் போய்ப் பரிமளத்திடம் சொல்ல வேண்டும். அவள் பாய் இழைத்துக்கொண்டே கேட்பாள். "இன்னும் எத்தின?" என்பாள். ஆறு என்பேன். அடுத்த முறை ஐந்து. அவள் கேட்கிற குரலில், அடுத்தது கிடைக்காமல் போகட்டும் என்ற ஆசை இருந்தது. எனக்கும் அது வந்துவிட்டது. ஒரு ஆள் கிடைக்காவிட்டால், அந்த மணலில் கிடப்பது அந்த ஆளாக இருக்கலாம். கிடைக்கக் கிடைக்க, சாமித்தம்பி அந்தக் குழிக்குக் கிட்டக் கிட்டப் போனார். திருத்தப் புறப்பட்டவன், கிழமைக்குக் கிழமை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தேன்.

எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆளின் பெயர் எனக்குத் தெரியாது. காதில் கடுக்கன் போட்ட வயதான வயல்காரப் போடியார், உன்னிச்சைக் குளத்தடி என்று சொல்லிக் கத்தியும் டோர்ச்சும் வாங்கிப் போனவர். மூன்று தரம் உன்னிச்சைக்குப் போனேன். அந்தச் சனமும் இடம்பெயர்ந்து அப்போதுதான் திரும்பிவந்து காடு வெட்டிக்கொண்டிருந்தது. கடுக்கன் போட்டவரை யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் தரம் வந்து சொன்னபோது பரிமளம் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். மன்னம்பிட்டிக்குப் பிறகு அவள் கையால் நான் குடித்த முதல் தண்ணீர். அத்தோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு திரும்பவும் போனேன்.

அறுவடைக் காலம். வயல் வட்டையில் சூடடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வரம்பில் நிற்கிறேன், ஒருவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். "முதலாளி, என்னத் தெரியல்லையா? உங்கட கடையிலதானே டோர்ச் வாங்கினன்!" கடுக்கனைக் காணவில்லை; முகாமில் இருந்த காலத்தில் விற்றுவிட்டாராம். சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துச் சாக்குக் கயிற்றை அறுத்தார். "இந்தா, இப்பவும் கிடக்கு. கொஞ்சம் மொட்டை. ஒவ்வொரு நாளும் தீட்டோணும்."

நான் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் தந்தார்கள். காட்டி விசாரிப்பதற்காகப் பையில் கொண்டு திரிந்த அசல் கத்தியை எடுத்து அவரிடம் கொடுத்து, அவருடையதைக் கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் அசலை விரித்து மடக்கிப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு இதக் கொண்டுபோய்ச் சொல்லத்தான் வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குப் பின்னேரமே போனேன். பரிமளம் பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். கத்தியைப் பாயில் வைத்தேன். அவள் எடுத்து விரித்தாள், மணி நாக்கைப் பார்த்தாள், பெருவிரலை அலகில் வைத்துப் பார்த்தாள். "மொட்டை" என்றாள். பிறகு புருசனைப் பற்றிச் சொன்னாள்.

"அவர் சொன்னவர். பரிமளம், இந்தக் கத்தி கூர் நிக்குதில்ல, உன்ன ஆரோ ஏமாத்திப்போட்டாங்க எண்டு சொன்னவர். நான் விடல்ல. நான் என்ன கண் தெரியாதவளா, நாக்கெல்லாம் பாத்துத்தான் வாங்கினன், உங்களுக்குத்தான் தீட்டத் தெரியா எண்டு ஏசினன். அதோட ரெண்டு பேரும் கதைக்கல்ல. ரெண்டு நாள். மூண்டாம் நாள் விடிய அவர் நாவலடிக்குப் போனவர். வாறன் எண்டுகூடச் சொல்லல்ல." கத்தியை மடக்கினாள். "அப்பிடிக் கதைக்காமப் போன மனுசன், அப்பிடியே போயிரமாட்டார் எண்டுதான் இவ்வளவு காலமும் நெனச்சன்."

மகனே, நான் குனிந்து கையை மாற்றிய அந்த ஒரு நிமிசம் அவர்கள் வீட்டுக்குள் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. நீ கேட்டாயே, ஆக்களுக்கு விளங்கவா போகுது என்று. சாமித்தம்பிக்கு விளங்கியிருக்கிறது. அவர் சொன்னதை அவள் நம்பவில்லை, என்னை நம்பினாள். அந்த இரண்டு டசினை நீ வாங்க வேண்டாம். வேறு விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

அந்த ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாவலடிக்குப் போனோம். பரிமளமும் அவளுடைய அக்காவும். என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். தபால்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, பழைய கொப்பியைப் பார்த்து, சவுக்கு மரங்களை எண்ணி, இடத்தைக் காட்டினார். தேடி வேறொருவரும் வராததால் அந்தத் துருப்பிடித்த கத்தியை இவ்வளவு காலமும் பத்திரமாக வைத்திருந்தார். அதையும் அவளிடம் கொடுத்தார். அவள் கற்பூரம் கொளுத்தினாள். கடல் காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் அக்கா சீலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்தா. பரிமளம் முழங்காலில் இருந்து, பக்கத்தில் படுத்திருக்கிற ஆளோடு கதைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க சொன்னது சரி. கத்தி நல்லதில்லதான். நான்தான் பிழை."

அவளுடைய பிழை இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி நிற்பாட்டினா. பரிமளம் திரும்பிப் பார்க்கவில்லை. மணலைக் கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டு, இந்த நாலைந்து வருசமும் எங்கெங்கே போனாள், யார் யாரைக் கேட்டாள் என்று ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா